வெள்ளைத் துணி துவைக்கும் நாள்

பிப்ரவரி 4, செவ்வாய்

இந்த டைரியை ஆலைதான் கொடுத்தது. புத்தாண்டுக்கு எல்லாத் தொழிலாளிக்கும் ஒன்று. அட்டையில் ஆலையின் படம். சுற்றிலும் பச்சைப் பசேல் என்று மரங்கள், மேலே நீல வானம், நடுவில் புகைபோக்கி. அதன் வாயில் ஒரு நூல் புகைகூட இல்லை. படம் எடுத்தவனுக்குப் பரிசே கொடுக்கலாம். போதாததற்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு வாசகம். இன்றையது: "தூய காற்று, நலமான நாளை."

என் வீட்டுக்காரர் இவருக்கும் எழுத்துக்கும் காத தூரம். "நீ ஏதாவது கிறுக்கிக்கோ" என்று என் பக்கம் தள்ளிவிட்டார். ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன்.

வேலை முடிந்து வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார், "நாளைக்கு வெள்ளை துவைச்சுக்கோ."

வேறு எந்த வீட்டிலாவது புருஷன் வாசலில் நின்று இப்படிச் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் தெருவில் இதற்கு ஒரே அர்த்தம்தான். நாளைக்கு மாசுத் துறை அதிகாரி ஆலைக்கு ஆய்வுக்கு வருகிறார். அவர் வந்தால் ஃபில்டர் ஓடும். ஃபில்டர் ஓடினால் புகையில் கரி இருக்காது. அன்றைக்கு மட்டும்தான் மாடியில் வெள்ளைத் துணி காயப்போட முடியும். இவர் பாய்லர் ஆபரேட்டர், அதனால் சேதி முதலில் எங்கள் வீட்டுக்கு வரும். நான் மாடி அக்காவிடம் சொல்வேன், அக்கா எதிர்வீட்டில் சொல்வாள். விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்க வாளிகளில் வெள்ளை ஊறும்.

நானும் ஊறவைத்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

எத்தனை போர்வை, எத்தனை திரை, எத்தனை பனியன்! மாடி அக்கா நர்ஸ். தினம் வெள்ளை யூனிஃபார்ம் போட்டாக வேண்டும். மற்ற நாளெல்லாம் குளியலறைக்குள் கயிறு கட்டிக் காயவைத்து, அந்த ஈர வாடையோடு ஆஸ்பத்திரிக்குப் போவாள். இன்று எல்லாவற்றையும் வெயிலில் விரித்துவிட்டு அதன் நடுவில் நின்று தலை துவட்டினாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நானும் என் தலையணை உறைகளைப் போட்டேன், ஓரத்தில் நீலப் பூ தைத்தவை.

சாயங்காலம் அதிகாரியின் கார் ஆலையை விட்டு வெளியே வந்ததும் ஆளாளுக்குக் கத்தினோம். "எடு, எடு!" கார் தெருமுனை தாண்டினால் ஃபில்டரைத் தாண்டிப் புகையை விடும் பைபாஸ் குழாயைத் திறந்துவிடுவார்கள். அதற்குள் கொடி காலியாக வேண்டும். சிரித்துக்கொண்டே ஓடினோம். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

துணியை மடிக்கும்போதுதான் என் மகள் சுண்டுவைப் பார்த்தேன். பதினொரு வயது, இன்னும் சுண்டுவிரல் மாதிரிதான் இருக்கிறாள், பெயரும் அதுவே நிலைத்துவிட்டது. எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிவிட்டு, மூச்சு வாங்க, கன்னம் சிவக்க, தண்ணீர் கேட்டு நின்றாள். மூச்சுதான் வாங்கியது. இருமல் இல்லை. காலையிலிருந்து ஒரு தடவைகூட இருமவில்லை.

துணிக்கு விடுமுறை விட்டார்கள் என்று குதித்தோம். அவள் நெஞ்சுக்கும் அதுதான் விடுமுறையா?

பிப்ரவரி 6, வியாழன்

ஜன்னல் கட்டையில் விரலை வைத்தேன். கரி. இருமலும் வந்துவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

சுண்டுவுக்குப் பள்ளியில் கட்டுரை. சுற்றுச்சூழல் மாசுபாடு: வரலாறு, காரணம், விளைவு, தீர்வு. புத்தகத்தை விரித்து வைத்துச் சத்தமாகப் படித்தாள். வரலாறு எங்கோ தூர தேசத்தில் நீராவி எந்திரத்தோடு ஆரம்பிக்கிறது. காரணம், மனிதனின் பேராசை. விளைவு, பனிக்கரடிக்குத் திண்டாட்டம். தீர்வு, மரக்கன்று நடுவது, விளக்கை அணைப்பது, கடைக்குத் துணிப்பை கொண்டுபோவது.

"மனிதன்னா எந்த மனிதன்மா?" என்றாள்.

பதில் தொண்டை வரை வந்தது. எதிரே இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விழுங்கிக்கொண்டேன்.

"அப்பா, நம்ம ஆலைக்கு வரலாறு இருக்கா?"

மகள் கேட்டால் இவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஆரம்பித்தார். "மொதல்ல பாய்லர் எண்ணெயில ஓடுச்சு. எண்ணெய் விலை ஏறினதும் நிலக்கரி. இப்ப அதுவும் கட்டுப்படியாகலேன்னு பழைய டயரை வெட்டிச் சேர்த்துப் போடறோம். உங்க ஸ்கூல்ல ஒரு தடவை பிரேயர் நேரத்துல பிள்ளைங்க வரிசையா மயங்கி விழுந்துச்சுங்க, நீ அப்பக் கைக்குழந்தை. ஜனங்கள்லாம் ரோட்டுல உக்காந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஃபில்டர் போட்டாங்க."

"அப்ப தீர்வு வந்துருச்சே!"

"வந்துருச்சு."

"அப்புறம் ஏம்ப்பா கரி விழுது?"

கையைக் கழுவ எழுந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே சொன்னார், "இதையெல்லாம் எழுதாத. புக்குல இருக்கிறத எழுது."

கொதிக்கிறது எனக்கு. தீர்வே கிடையாது என்றாலாவது விதி என்று இருந்துவிடலாம். தீர்வு அங்கே ஒரு மாடி வீட்டு உயரத்துக்கு நின்றுகொண்டிருக்கிறது! ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதை ஓட்டினால் கரண்ட் நிறைய இழுக்குமாம். அடைத்துக்கொண்டால் நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டுமாம், உற்பத்தி குறையுமாம். அதனால் பக்கவாட்டில் ஒரு குழாய். பைபாஸ். புகை ஃபில்டருக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே புகைபோக்கிக்குப் போய்விடும். அந்தக் குழாய்க்கு ஒரு சக்கரம் உண்டு. அதைத் திருப்புகிற கைதான் இன்று என் எதிரே சாப்பிட்டது.

சுண்டு பனிக்கரடியைப் பற்றி எழுதிவிட்டுத் தூங்கப் போனாள்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கட்டுரைக்கு "மிக நன்று" கிடைத்ததாம். டீச்சர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டே திருத்தினாராம்.

மார்ச் 12, புதன்

பள்ளியிலிருந்து கடைக்குப் போன் வந்தது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை ஆலை வாசலுக்கு நேர் எதிரே. இருமல் மருந்துக்கே தனி அலமாரி வைத்திருக்கிறோம். "ஆலை நல்லா இருக்கணும்மா, நம்ம கடை அதோட குழந்தை" என்பார் முதலாளி. ஒரு காலத்தில் நானும் சிரித்திருக்கிறேன்.

விளையாட்டு வகுப்பில் சுண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டாள். இன்ஹேலர் பைக்குள், பை வகுப்புக்குள், வகுப்பறை பூட்டியிருந்தது. நான் போனபோது உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் என் மடியில் சாய்ந்துகொண்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் மாடி அக்கா ஓடிவந்து முகத்தில் புகைக்குழாயை வைத்து... மருந்துப் புகை. அந்தப் புகையை எடுக்க இந்தப் புகை.

டாக்டர் நல்லவர்தான். "வீடு மாத்த முடியுமா பாருங்க" என்றார். இந்த ஊரில் ஆலைப் புகை போகாத இடம் மேனேஜர் வீடு இருக்கிற மேட்டுத் தெரு ஒன்றுதான். அங்கே மாற்றலாமா டாக்டர் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

இந்தப் பக்கத்து வாசகம்: "குழந்தைகளே நம் எதிர்காலம்." பேனாவால் குத்திக் குத்தித் தாள் கிழிந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

கேட்டேவிட்டேன். அடக்கி அடக்கி வெடித்துவிட்டது.

"யார் கையால அந்தச் சக்கரம் திரும்புது? சொல்லுங்க. உங்க கையாலதானே?"

"நான் தொறக்கலேன்னா இன்னொருத்தன் தொறப்பான்."

"இன்னொருத்தன் தொறந்தா அவனைத் திட்டுவேன். நீங்க தொறந்தா யாரைத் திட்டறது?"

"மேனேஜர் போன்ல சொல்றாரு, நான் தொறக்கறேன். மாட்டேன்னா நாளைக்கு வேலை இருக்காது. அவ மருந்துக்கு எங்க போவ?"

இவர் சொன்னது நிஜம்தான். அதுதான் ஆத்திரமே. அவள் மருந்துக்காக வேலை, அந்த வேலையால் அவளுக்கு மருந்து. நம்மளச் செக்கு மாடாட்டம் சுத்த விட்டுட்டு அவனுங்க மேட்டுத் தெருவுல ஜன்னலத் தொறந்து வச்சுத் தூங்கறானுங்க. இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரும் அழுகிறாரோ என்று ஒரு சந்தேகம். இருக்கட்டும்.

மார்ச் 17, திங்கள்

லீவு போட்டு மாசுத் துறை அலுவலகத்துக்குப் போனேன். இவரிடம் சொல்லவில்லை. ஆய்வுக்கு வருகிற அதே அதிகாரிதான் இருந்தார். சின்ன வயது, மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். நான் கரி என்றேன், இருமல் என்றேன், சுண்டு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டர்த் திரையை என் பக்கம் திருப்பினார்.

"போன ஆய்வு அறிக்கைம்மா. உங்க தெருதான், பாருங்க."

போட்டோ. எங்கள் மாடிகள். கொடி கொடியாக வெள்ளை.

"கரி விழற தெருவுல யாராவது வெள்ளைத் துணி காயப்போடுவாங்களா? நீங்களே சொல்லுங்க. ஆலைக்காரங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். ஜனங்க துணி பொய் சொல்லாது பாருங்க, அதனாலதான் ஒவ்வொரு தடவையும் இதையும் ஒரு படம் எடுத்துடுவேன்."

முன்வரிசையில் என் தலையணை உறை. நீலப் பூ தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க வர்றது முன்னாடியே எங்களுக்குத் தெரியும் சார். அதனாலதான் துவைக்கறோம்" என்றேன். அவர் சிரித்தார். முன்கூட்டித் தெரிவித்துவிட்டுத்தான் வருவது வழக்கமாம், பாதுகாப்புக்காகவாம். புகாரைப் பதிந்துகொண்டார். விசாரிப்பாராம்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாக அவர்களுக்குச் சாட்சி சொன்னது நாங்கள்தான். நீலம் போட்டு, பிழிந்து, உதறி, கிளிப் மாட்டிச் சாட்சி சொல்லியிருக்கிறோம். சிரித்துக்கொண்டே வேறு.

மார்ச் 21, வெள்ளி

செருப்பைக் கழற்றும்போதே, "திங்கக்கிழமை வெள்ளை துவைச்சுக்கோ. எவனோ புகார் பண்ணியிருக்கானாம்."

எவனோ இல்லை, எவளோ. அந்த எவள் அடுப்படியில் நின்று "சரி" என்றாள்.

புகார் செய்தேன், எனக்குத் துணி துவைக்க ஒரு நாள் கிடைத்தது. இதுதான் என் புகாருக்கு அரசாங்கத்தின் பதில்.

மார்ச் 23, ஞாயிறு

மாடி அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். படம், நீலப் பூ, எல்லாம். அக்கா கையிலிருந்த யூனிஃபார்மை மடித்து வைத்தாள். பிறகு, "அப்ப நாளைக்கு ஒருத்தரும் வெள்ளை போடக் கூடாதுன்னு சொல்லிடலாமா?" என்றாள்.

"போடலாம்க்கா. எல்லாரும் போடலாம். அவர் படம் எடுக்கட்டும். கார் போனதும் எடுக்காம விட்டுடலாம்."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், யூனிஃபார்ம் காய்ந்த நாளில் சிரித்த அதே சிரிப்பு.

வீடு வீடாகப் போனோம். எதிர்வீட்டில் உடனே சரி என்றார்கள், அவர்களுக்கும் இரண்டு இருமல் இருக்கிறது. கடைசி வீட்டுக்காரியின் புருஷன் ஆலையில் ஸ்டோர் கீப்பர். "உனக்கென்ன, நாக்கு நீளம். எங்க வீட்டு அடுப்புல தண்ணி ஊத்தப் பாக்கறியா?" என்று கதவைச் சாத்தினாள். நியாயம்தான். என் வீட்டு அடுப்பும் அதே ஆலையில்தான் எரிகிறது என்று சாத்திய கதவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

பயமாக இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

தெருவே வெள்ளை. முன்னால் இல்லாத அளவு வெள்ளை. அதிகாரி வந்தார், ஆலைக்குள் போனார், திரும்பும்போது தெருமுனையில் காரை நிறுத்தி எங்கள் மாடிகளைப் படம் எடுத்துக்கொண்டார். நான் கொடியோரம் நின்றேன். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார், பார்த்தீர்களா என்பது மாதிரி. நானும் ஆட்டினேன்.

கார் போனது. யாரும் "எடு" என்று கத்தவில்லை. அவரவர் மாடியில் சும்மா நின்றோம். கொடிகளில் ஒரு துணிகூட அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. கடைசி வீட்டுக்காரி மட்டும் எடுத்தாள்.

பாய்லர் மேடையிலிருந்து பார்த்தால் எங்கள் மாடி தெரியும். கொஞ்ச நேரத்தில் இவர் போன் செய்தார்.

"துணி இன்னும் கொடியிலயே கெடக்கு? தூங்கிட்டீங்களா எல்லாரும்? சீக்கிரம் எடுங்க. மேனேஜர் கத்திட்டு இருக்காரு. நான் என்னத்தச் சொல்லி நிறுத்தி வைக்கறது?"

அடப்பாவி மனுஷா. எங்கள் துணிக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்! பிள்ளைக்காக ஒரு நாள் நிறுத்தியிருந்தால்... எழுத வேண்டாம்.

"எடுக்க மாட்டோம்" என்றேன்.

"என்ன?"

"எடுக்க மாட்டோம். நீங்க தொறங்க."

"பைத்தியமா உனக்கு? சுண்டு சட்டை கெடக்குது. இங்கேருந்தே தெரியுது எனக்கு."

"தெரியட்டும். தினம் அவ நெஞ்சுல விழறது உங்களுக்குத் தெரியல. இன்னிக்குச் சட்டைல விழறதையாவது பாருங்க. தொறங்க."

வைத்துவிட்டார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவர் திறக்காமலே விட்டுவிட்டால்? வெட்கப்பட்டு இன்று மட்டும் நல்லவராகிவிட்டால்? துணியெல்லாம் வெள்ளையாகவே கிடக்கும், சாட்சி மறுபடி அவர்கள் பக்கம் போய்விடும். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புகை வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு வேண்டுதல் எந்தத் தாய்க்காவது வருமா? சுண்டுவைக் கீழே உள்ளறையில் போட்டு ஜன்னலெல்லாம் அடைத்திருந்தேன்.

வந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு கறுப்பு. நிதானமாக இறங்கியது. நீலப் பூ மேல், யூனிஃபார்ம் மேல், சுண்டுவின் சட்டைக் காலர் மேல்.

இவர் வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்டக்டர், "எல்லாரும் வீட்ட காலி பண்ணிட்டீங்களா?" என்றார். "இல்ல, வெளுக்கப் போறோம்" என்றாள் மாடி அக்கா.

அதிகாரியின் மேஜைமேல் முதல் மூட்டையை அவிழ்த்தது நான். பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. "நேத்து எடுத்த படத்தைத் தொறங்க சார்." திறந்தார். நீலப் பூவுக்குப் பக்கத்தில் நீலப் பூவைப் பிடித்தேன். "ஜனங்க துணி பொய் சொல்லாதுன்னீங்களே. கேளுங்க, இப்ப என்ன சொல்லுதுன்னு."

பாவம், அந்தப் பிள்ளையின் முகம் செத்துவிட்டது. சத்தம் கேட்டு உள் அறையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். வயதான அம்மா, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், மாடி அக்காவின் யூனிஃபார்மை விரலால் தேய்த்து விரலைப் பார்த்தார். கார் எடுக்கச் சொன்னார். சின்ன அதிகாரி பழக்க தோஷத்தில் போனை எடுத்துவிட்டார்.

"வை அதை" என்றார் அந்த அம்மா.

மார்ச் 26, புதன்

அவர்கள் போனபோது சக்கரம் திறந்தே இருந்ததாம். மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆபரேட்டர் கவனக்குறைவு."

கவனக்குறைவு! எத்தனை வருஷமா ஒரே கவனமா கவனக்குறைவு! இவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். வாசலில் வந்து நின்றவர் செருப்பைக் கழற்றவே இல்லை. புகார் கொடுத்தது நான்தான் என்றேன். "தெரியும்" என்றார்.

கடைசி வீட்டுக்காரி வாசலில் நின்று எல்லார் காதும் குளிர என் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள்.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று விசாரணை. மற்ற இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர்களை இவரே தேடிப்போய்ப் பேசியிருக்கிறார். எனக்குத் தெரியாது. மூன்று பேரும் ஒரே வார்த்தை சொன்னார்களாம்: மேனேஜர் சொல்லித் திறந்தோம், ஒவ்வொரு நாளும்.

"பயமா இல்லையா?" என்றேன்.

"சட்டையப் பாத்தேன்ல" என்றார்.

மே 6, செவ்வாய்

பைபாஸ் குழாயை அறுத்து இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்துவிட்டார்கள். டயர் எரிக்கவும் தடை. விசாரணை முடியும் வரை மூடியிருந்த ஆலை மறுபடி ஓடுகிறது. அப்படியே எல்லாம் சுபம் என்று எழுத ஆசைதான். மேனேஜரை வேறு ஊர் ஆலைக்கு மாற்றினார்கள். அந்த ஊர்ப் பெண்களுக்குத் துணி விஷயம் தெரியுமா? இவரை பாய்லரிலிருந்து எடுத்துக் கரி இறக்கும் முற்றத்தில் போட்டுவிட்டார்கள். வர வேண்டிய பதவி உயர்வு போச்சு. டாக்டர் சுண்டுவைக் குழாயில் ஊதச் சொல்லி நெஞ்சின் பலத்தைப் பார்த்தார். இருமல் குறையும், ஆனால் போன பலத்தில் கொஞ்சம் திரும்பாது என்றார். அந்தக் கொஞ்சத்தை யாரிடம் போய்க் கேட்பது? எந்த மூட்டையில் கட்டிக் கொண்டுபோய் எந்த மேஜையில் கொட்டுவது?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடையில் இருமல் மருந்து அலமாரியில் பாதியை ஒழித்து முதலாளி சோப்பு அடுக்கிவிட்டார். என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே அடுக்கினார்.

சாயங்காலம் இவர் வந்தார். முற்றத்து வேலை, தலை முதல் கால் வரை கரி. இப்போது வீட்டுக்குள் வரும் கரி இவர்மேல் ஒட்டிவருவது மட்டும்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே, பழைய பழக்கத்தில், சொன்னார்:

"நாளைக்கு ஆய்வுக்கு வர்றாங்களாம்."

சுண்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "அம்மா, நாளைக்கு ஆய்வாம்!"

"வரட்டும்" என்றேன். "வெள்ளை நேத்தே துவைச்சாச்சு. நாளைக்குக் கலர்த் துணிதான்."